ரகசியமே இல்லாத சங்கேத மொழி: ஹாம் ரேடியோக்காரர்கள் '73' சொல்லி விடைபெறுவது ஏன்?

2004 டிசம்பர் முதல் வாரம். அந்தமானின் போர்ட் பிளேரில், ஒரு ஹோட்டலில் ஆன்டெனா கட்டி ஒரு சின்ன ரேடியோ நிலையம் இயங்கத் தொடங்கியது. நடத்தியவர் பாரதி பிரசாத். ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்தவர். அந்தமானிலிருந்து ஹாம் ரேடியோ இயக்க அனுமதி கிடைப்பது ரொம்பவே அரிது. அதனால் உலகம் முழுக்க இருந்த ஹாம்கள், "எப்படியாவது அந்தமானோட ஒரு தடவை பேசிடணும்" என்று வரிசை கட்டினார்கள். ஒவ்வொருவருக்கும் சில விநாடிகள்தான். பெயருக்குப் பதில் ஒரு குறியீடு, சிக்னல் எப்படி என்று இரண்டு எண்கள், ஒரு நன்றி. அவ்ளோதான், அடுத்தவர் வரலாம்.

டிசம்பர் 26 காலை 6.28 மணிக்கு சுமத்ரா அருகே கடலுக்கடியில் பூமி அதிர்ந்தது. பின்னாலேயே சுனாமி. தீவுகளில் தொலைபேசிகள் செயலிழந்தன. முதல் நாள் வரை பொழுதுபோக்காக ஓடிக்கொண்டிருந்த அதே ரேடியோ, அன்றிலிருந்து "இன்னார் உயிரோட இருக்கார், வீட்டுக்குச் சொல்லிடுங்க" என்ற தகவல்களை இந்தியாவின் மற்ற பகுதிகளுக்குக் கடத்தும் பாலமாக மாறியது.

ஒரு பொழுதுபோக்கு ஒரே காலையில் உயிர்நாடியாக மாற முடிந்ததற்குக் கருவி மட்டும் காரணம் இல்லை. இரைச்சலுக்கு நடுவில், குறைந்த நேரத்தில், எதிரில் இருப்பவருக்குப் புரியும்படி பேசுவது ஹாம்களுக்குத் தினசரிப் பழக்கம். அந்தப் பழக்கத்தின் மையத்தில் ஒரு சுருக்கமொழி இருக்கிறது. 73, 88, க்யூ.டி.ஹெச், க்யூ.ஆர்.எம், சி.க்யூ என்று கேட்கவே சங்கேதம் மாதிரி இருக்கும். ஆனால், இதில் ரகசியம் என்று எதுவுமே இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

ஹாம் ரேடியோ: ஒரு நிமிட அறிமுகம்

அமெச்சூர் ரேடியோ என்பதன் செல்லப் பெயர்தான் ஹாம் ரேடியோ. அரசிடம் உரிமம் வாங்கிய தனிநபர்கள், தங்களுக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில், காசு சம்பாதிக்கும் நோக்கம் இல்லாமல் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வது. எஃப்.எம் நிலையம் மாதிரி ஒருவர் பேச ஊரே கேட்கும் ஒலிபரப்பு இல்லை. இரு பக்கமும் பேசும் தொடர்பு. நடுவில் செல்போன் டவர் கிடையாது, இன்டர்நெட் கிடையாது. வானத்தில் உயரே உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலைகள் சென்னையிலிருந்து ஜப்பானுக்கோ, பிரேசிலுக்கோ போய்விடும்.

உரிமம் வாங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு 'கால் சைன்' தரப்படும். வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி. இந்திய ஹாம்களுக்குப் பெரும்பாலும் வி.யு.2 அல்லது வி.யு.3 என்று தொடங்கும். அந்தமான் நிக்கோபாருக்கு வி.யு.4, லட்சத்தீவுக்கு வி.யு.7, இலங்கைக்கு 4எஸ்7. முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான். அவருடைய கால் சைன் வி.யு.2 ஆர்.ஜி.

'ஹாம்' என்ற சொல்லே ஒரு காலத்தில் கேலிதான். கம்பித் தந்தி காலத்தில் சரியாகத் தட்டத் தெரியாத ஆபரேட்டரை அப்படி அழைத்தார்கள். பின்னாளில் அமெச்சூர்கள் அதையே பெருமையாகச் சூட்டிக்கொண்டார்கள்.

20 விநாடியா, 3 விநாடியா?

சுருக்கிப் பேச வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது? நம்ம வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் போதும், தந்தி பற்றிச் சொல்வார்கள். வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு. அதனால்தான் "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே கிளம்பி வா" என்ற முழுக் கவலையும் "ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி" என்று நாலே வார்த்தையில் வந்து விழுந்தது. கல்யாணம், தீபாவளி, பரீட்சையில் பாஸ் என ஒவ்வொரு வாழ்த்துக்கும் தந்தி அலுவலகத்தில் ஒரு நம்பர் இருந்தது. அந்த நம்பரைச் சொன்னால் போதும். அந்தப் பக்கம் முழு வாழ்த்தாகப் போய்ச் சேரும். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்தி சேவை முடிவுக்கு வந்தபோது இந்த நம்பர்களும் சேர்ந்து விடைபெற்றன.

ரேடியோவில் காசுக்குப் பதில் நேரம். ஆரம்பத்தில் ரேடியோவில் குரலை அனுப்ப முடியாது. புள்ளியும் கோடுமாகத் தட்டும் மோர்ஸ் மட்டும்தான். ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகத் தட்ட வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 12 வார்த்தை என்பது மோர்ஸில் நிதானமான வேகம். அந்த வேகத்தில் ஒரு புள்ளிக்கு 0.1 விநாடி, ஒரு கோட்டுக்கு 0.3 விநாடி ஆகும். "ப்ளீஸ் சென்ட் மோர் ஸ்லோலி" என்ற ஆங்கில வாக்கியத்தை, அதாவது 'தயவுசெய்து மெதுவாக அனுப்புங்கள்' என்பதை, எழுத்தெழுத்தாகத் தட்டினால் சுமார் 20 விநாடி ஆகும். இதையே க்யூ.ஆர்.எஸ் என்று மூன்றே எழுத்தில் தட்டினால்? 3 விநாடிதான்.

அயனி மண்டலத்தின் மனநிலை நிமிடத்துக்கு நிமிடம் மாறும். இப்போது தெளிவாகக் கேட்கும் சிக்னல் அடுத்த 20 விநாடியில் காணாமல் போகலாம். அப்படிப்பட்ட இடத்தில் 17 விநாடி மிச்சம் என்பது சின்ன விஷயம் இல்லை.

க்யூ கோட்: மூன்று எழுத்தில் ஒரு கேள்வி, ஒரு பதில்

இந்தச் சுருக்கமொழியின் முதுகெலும்பு க்யூ கோட். எல்லாமே மூன்று எழுத்து, எல்லாமே 'க்யூ'வில் தொடங்கும். 1909 வாக்கில் பிரிட்டிஷ் கப்பல்களுக்கும் கடற்கரை நிலையங்களுக்கும் எனத் தயாரான பட்டியல் இது. 1912-ல் லண்டனில் நடந்த சர்வதேச ரேடியோ தந்தி மாநாட்டில் உலக நாடுகள் இதைப் பொதுவாக ஏற்றுக்கொண்டன. மாநாட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது 1912 ஜூலை 5. நடைமுறைக்கு வந்தது 1913 ஜூலை 1.

ஏன் 'க்யூ'? எந்த நாட்டின் கால் சைனும் க்யூவில் தொடங்காது. அப்படி ஒதுக்குவதே இல்லை. அதனால் க்யூவில் தொடங்கி மூன்று எழுத்து காதில் விழுந்தால், அது ஆளின் அடையாளமா, சுருக்கக் குறியா என்ற குழப்பம் வராது.

இதில் அழகான விஷயம், ஒரே குறி கேள்விக்கும் பதிலுக்கும் பயன்படுவது. பின்னால் கேள்விக்குறி சேர்த்தால் கேள்வி, சேர்க்காவிட்டால் பதில். "க்யூ.டி.ஹெச்?" என்றால் "நீங்க எந்த ஊர்ல இருக்கீங்க?" வெறும் க்யூ.டி.ஹெச் போட்டுப் பின்னால் மதுரை என்றால் "நான் மதுரையில் இருக்கிறேன்."

அடிக்கடி காதில் விழும் சில:

க்யூ.ஆர்.எல்? – இந்த அலைவரிசையில் யாராவது பேசிக்கொண்டிருக்கிறீர்களா?

க்யூ.ஆர்.எம் – மற்ற நிலையங்களால், மனிதர்களால் வரும் இடைஞ்சல்.

க்யூ.ஆர்.என் – இடி, மின்னல் போன்ற இயற்கையால் வரும் இரைச்சல். 'எம்' என்றால் மனிதர், 'என்' என்றால் நேச்சர் என்று நினைவில் வைக்கலாம்.

க்யூ.எஸ்.பி – உங்கள் சிக்னல் ஏறி இறங்குகிறது.

க்யூ.ஆர்.பி – சக்தியைக் குறையுங்கள். இன்று 5 வாட் அல்லது அதற்கும் குறைவான சக்தியில் பேசும் சவாலுக்கே இதுதான் பெயர். வீட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி பல்பைவிடக் குறைவான சக்தியில் வேறொரு கண்டத்தோடு பேசுகிறார்கள்!

க்யூ.ஆர்.க்யூ, க்யூ.ஆர்.எஸ் – வேகமாக அனுப்புங்கள், மெதுவாக அனுப்புங்கள்.

க்யூ.ஆர்.இசட்? – என்னை அழைப்பது யார்?

க்யூ.எஸ்.எல் – கிடைத்தது, புரிந்தது. பேசியதற்கு அத்தாட்சியாக ஹாம்கள் ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்பும் அட்டைக்கும் இதுவே பெயர்.

க்யூ.ஆர்.டி – அனுப்புவதை நிறுத்துங்கள். "நான் க்யூ.ஆர்.டி ஆகிறேன்" என்றால் "கடையைச் சாத்துகிறேன்" என்று அர்த்தம்.

இந்தப் பட்டியலில் மொழி எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கும் ஜப்பானிய மொழி மட்டும் தெரிந்தவருக்கும் க்யூ.டி.ஹெச் ஒன்றுதான். இரண்டு பேருக்கும் பொதுவான மொழி இல்லாமலேயே ஓர் உரையாடலை முடித்துவிட முடியும்.

எப்படி இருக்கும் அந்த உரையாடல்?

ஒரு கற்பனைக் காட்சி. சென்னையில் ஒருவர், ஜப்பானின் ஒசாகாவில் ஒருவர். இரவு நேரம், மோர்ஸில் பேசுகிறார்கள்.

சென்னைக்காரர் முதலில் "க்யூ.ஆர்.எல்?" என்று கேட்பார். யாரும் பதில் சொல்லாவிட்டால் இடம் காலி. இது கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவது மாதிரி.

அடுத்து "சி.க்யூ, சி.க்யூ, சி.க்யூ, டி.இ" என்று தட்டி, தன் கால் சைனைச் சொல்லி, 'கே' என்று முடிப்பார். சி.க்யூ என்றால் 'எல்லா நிலையங்களுக்கும்'. டி.இ என்பது 'இன்னாரிடமிருந்து' என்று பொருள் தரும் பிரெஞ்சுச் சொல். 'கே' என்றால் "யார் வேணும்னாலும் பேசலாம்."

ஒசாகாக்காரர் அவருடைய கால் சைனையும் தன் கால் சைனையும் சொல்வார். இனி இருவர் மட்டும்.

சென்னை: "ஜி.இ ஓ.எம், டி.என்.எக்ஸ். யு.ஆர் 579. க்யூ.டி.ஹெச் சென்னை. ஹெச்.டபிள்யூ?" அதாவது, "மாலை வணக்கம் நண்பரே, அழைத்ததற்கு நன்றி. உங்கள் சிக்னல் 579. நான் சென்னையில் இருக்கிறேன். நான் கேட்கிறேனா?"

முடிவில் 'கே.என்' என்று தட்டினால், "நீங்க மட்டும் பேசுங்க, மத்தவங்க கொஞ்சம் பொறுங்க" என்று பொருள்.

ஒசாகா: "ஆர். யு.ஆர் 559, க்யூ.எஸ்.பி. க்யூ.டி.ஹெச் ஒசாகா. டபிள்யூ.எக்ஸ் ரெயின்." எல்லாம் கிடைத்தது, உங்கள் சிக்னல் ஏறி இறங்குகிறது, நான் ஒசாகாவில் இருக்கிறேன், இங்கே மழை.

கடைசியில் இருவரும் "73" சொல்லி, 'எஸ்.கே' என்று முடிப்பார்கள். உரையாடல் நிறைவு. அதற்குப் பிறகும் பலர் ஒரு 'டிட் டிட்' தட்டுவார்கள். வெறும் இரண்டு புள்ளி. படியிறங்கும்போது திரும்பிப் பார்த்துக் கையசைப்பது போல.

எஸ்.கே-க்கு இன்னொரு கனமான பயன்பாடும் உண்டு. ஒரு ஹாம் இறந்துவிட்டால், மற்ற ஹாம்கள் அவரை 'சைலன்ட் கீ' என்பார்கள். மௌனமான தந்திச் சாவி. சுருக்கமாக, எஸ்.கே.

73 வாழ்த்து, 88 முத்தம், 30 முற்றும்

இந்த எண்கள் ரேடியோவுக்கும் முந்தையவை. அமெரிக்காவில் வெஸ்டர்ன் யூனியன் தந்தி நிறுவனம் 1859-ல் '92 கோட்' என்ற எண் பட்டியலைப் பயன்படுத்தத் தொடங்கியது. அடிக்கடி சொல்லும் வாக்கியங்களுக்கு எண்கள். 1 என்றால் 'ஒரு நிமிஷம் இருங்க'. 30 என்றால் 'முடிந்தது, இதற்கு மேல் இல்லை'. அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் பல காலம் கட்டுரையின் கடைசியில் '30' என்று எழுதியது இங்கிருந்து வந்ததுதான் என்ற கருத்தும் உண்டு.

73-க்கு இன்றைய அர்த்தம் 'அன்பு வாழ்த்துகள்'. மோர்ஸில் இதன் ஓசை இரண்டு கோடு, மூன்று புள்ளி, மூன்று புள்ளி, இரண்டு கோடு. முன்னாலிருந்து கேட்டாலும் பின்னாலிருந்து கேட்டாலும் ஒன்றேதான், 'விகடகவி' மாதிரி. சிலர் ஆங்கிலப் பழக்கத்தில் '73ஸ்' என்று சொல்வதுண்டு. மூத்த ஹாம்களுக்கு உடனே கோபம் வரும். 73-ஏ பன்மைதானே? '73ஸ்' என்றால் 'வாழ்த்துகள்கள்' என்று சொல்கிற கதை.

88 என்றால் 'அன்பும் முத்தமும்'. ரொம்ப நெருக்கமானவர்களுக்கு மட்டும். தெரியாத ஆளுக்கு 88 தட்டினால் என்ன ஆகும் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடலாம்.

இந்த மொழி பிறந்த காலத்தின் முகமும் இதில் தெரிகிறது. ஓ.எம் என்றால் 'ஓல்டு மேன்'. 12 வயதுப் பையனாக இருந்தாலும் ரேடியோவில் அவன் ஓ.எம்தான். பெண்கள் எல்லோரும் ஒய்.எல், 'யங் லேடி'. 80 வயதானாலும் அதேதான். ஹாமின் மனைவிக்கு எக்ஸ்.ஒய்.எல், 'முன்னாள் யங் லேடி'! இன்று கேட்டால் நெளிய வைக்கும். ஆண்கள் மட்டுமே ஆளும் உலகம் என்று நினைத்து உருவான சொற்கள் இவை. 1939-ல் அமெரிக்காவில் பெண் ஹாம்கள் தங்களுக்கென 'யங் லேடீஸ் ரேடியோ லீக்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே தங்களுக்கென ஓர் எண்ணையும் எடுத்துக்கொண்டார்கள். 33. ஒரு பெண் ஹாம் இன்னொரு பெண் ஹாமுக்கு மட்டும் சொல்லும், நட்பும் அன்பும் கலந்த விடை.

சிரிப்புக்கும் குறி உண்டு. அது 'ஹெச்.ஐ'. மோர்ஸில் நாலு புள்ளி, கொஞ்சம் இடைவெளி, இரண்டு புள்ளி. வேகமாகத் தட்டினால் நிஜமாகவே யாரோ கிளுகிளுவென்று சிரிப்பது போலக் கேட்கும். நாம் வாட்ஸ்அப்பில் போடும் 'ஹி ஹி' ஞாபகம் வருகிறதா? இந்தச் சிரிப்பு விண்வெளிக்கும் போயிருக்கிறது. 1961 டிசம்பர் 12-ல் ஏவப்பட்ட உலகின் முதல் அமெச்சூர் செயற்கைக்கோளான ஆஸ்கர் 1, பூமியைச் சுற்றியபடி திரும்பத் திரும்ப அனுப்பிய ஒரே செய்தி 'ஹெச்.ஐ'தான்.

599: எல்லாருக்கும் ஃபுல் மார்க்

மேலே உரையாடலில் 579 என்று ஓர் எண் வந்தது அல்லவா? அது சிக்னலுக்கு ஹாம்கள் போடும் மார்க். 1934-ல் ஆர்தர் பிராட்டன் என்ற அமெரிக்க ஹாம் முன்வைத்த முறை. முதல் எண், சொல்வது எவ்வளவு புரிகிறது என்பதற்கு, 5-க்கு. இரண்டாவது, சிக்னல் எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதற்கு, 9-க்கு. மூன்றாவது, மோர்ஸ் ஒலியின் சுத்தத்துக்கு, அதுவும் 9-க்கு. குரலில் பேசினால் மூன்றாவது தேவையில்லை. முழு மதிப்பெண் 599, குரலில் 59.

இங்கேயும் நம்ம ஊர் கல்யாணப் பந்தி மாதிரி ஒரு விஷயம் நடக்கிறது. "சாப்பாடு எப்படி?" என்று கேட்டால் எல்லோரும் "பிரமாதம்" என்போமே, அதே கதை. போட்டி நேரங்களில் ஹாம்கள் எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு 599 போடுகிறார்கள். "உங்க சிக்னல் 599. சரியா கேக்கல, கால் சைனை இன்னொரு தடவை சொல்லுங்க" என்பது ஹாம்களே தங்களைக் கிண்டலடிக்கும் ஜோக்.

ஜோக்குக்குள் ஓர் எச்சரிக்கையும் உண்டு. எல்லோருக்கும் ஒரே மார்க் என்றால் அந்தக் குறி தகவல் எதையும் சொல்வதில்லை. சுருக்கம் என்பது அர்த்தம் இருக்கிற வரைக்கும்தான் சுருக்கம்.

காதில் வாங்காத ஒரு செய்தி

சுருக்கமாகத் தட்டினால் மட்டும் போதாது, கேட்கவும் வேண்டும் என்பதற்கு ரேடியோ வரலாற்றின் மறக்க முடியாத உதாரணம் டைட்டானிக்.

1912 ஏப்ரல் 14 இரவு. டைட்டானிக்கின் ரேடியோ ஆபரேட்டர் ஜாக் பிலிப்ஸ், பயணிகளின் சொந்தத் தந்திகளை நியூஃபவுண்ட்லாந்தின் கேப் ரேஸ் நிலையத்துக்கு அனுப்புவதில் மும்முரமாக இருந்தார். அருகில் இருந்த கலிஃபோர்னியன் கப்பலின் ஆபரேட்டர் சிரில் எவன்ஸ் குறுக்கிட்டு, தங்கள் கப்பல் பனிக்கட்டிகளுக்கு நடுவே நின்றுவிட்டதாகச் சொன்னார். பக்கத்தில் இருந்ததால் அவருடைய சிக்னல் பிலிப்ஸின் காதில் பலமாக அறைந்தது. எரிச்சலான பிலிப்ஸ், தான் வேலையாக இருப்பதாகச் சொல்லி அவரைத் துண்டித்தார். அந்தக் கப்பலுக்கு எவன்ஸ் ஒருவர்தான் ஆபரேட்டர். கொஞ்ச நேரம் கழித்து, இரவு 11.30 வாக்கில் கருவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனார். 11.40-க்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது.

பிலிப்ஸ் அனுப்பிய ஆபத்து அழைப்பு முதலில் சி.க்யூ.டி. மார்க்கோனி நிறுவனம் 1904-ல் கொண்டுவந்த குறி. பிறகு, 1908 முதல் சர்வதேச அளவில் நடைமுறைக்கு வந்திருந்த எஸ்.ஓ.எஸ்-ஐயும் மாற்றி மாற்றி அனுப்பினார். அதைக் கேட்டு கார்பாதியா கப்பல் விரைந்து வந்தது. 700-க்கும் மேற்பட்டோர் பிழைத்தார்கள். பிலிப்ஸ் பிழைக்கவில்லை. அருகில் இருந்த கலிஃபோர்னியனில் அதைக் கேட்க யாரும் விழித்திருக்கவில்லை.

அடுத்த மூன்று மாதத்துக்குள் கூடிய அதே லண்டன் மாநாட்டில்தான் க்யூ கோட் உலகப் பொதுமொழி ஆனது.

அப்போ இது சங்கேத மொழியா, இல்லையா?

இல்லை. அமெச்சூர் ரேடியோவில் அர்த்தத்தை மறைப்பதற்காகக் குறியீடாக மாற்றி அனுப்பக் கூடாது என்பது சர்வதேச விதி. வாட்ஸ்அப்பில் இருக்கும் என்கிரிப்ஷனுக்கு நேர் எதிர். நீங்கள் ஹாமில் பேசுவதை உலகில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்டால் புரியவும் வேண்டும். க்யூ கோட் முழுவதும் பொதுவெளியில் அச்சாகிக் கிடக்கும் பட்டியல். யாரிடமிருந்தும் மறைக்க அது உருவாகவில்லை. எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்றுதான் உருவானது.

புது ஆபீஸில் சேர்ந்த முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். மீட்டிங்கில் எல்லோரும் 'இ.ஓ.டி', 'கே.பி.ஐ', 'எஸ்.எல்.ஏ' என்று அடுக்குவார்கள். கேட்டால் தப்பா நினைப்பாங்களோ என்று தலையை மட்டும் ஆட்டுவோம். அங்கே சுருக்கம், தெரிந்தவர் – தெரியாதவர் என்று ஒரு கோடு போட்டுவிடுகிறது.

ஹாம் உலகத்தில் நல்ல பழக்கம் என்று சொல்லித்தருவது இதற்கு நேர்மாறு. மோர்ஸில் ஒருவர் மெதுவாக அழைத்தால், அவருடைய வேகத்துக்கு இறங்கி வந்துதான் பதில் சொல்ல வேண்டும். எவ்வளவு பெரிய வேகப்புலியாக இருந்தாலும் சரி. புதிதாக வந்தவர் "க்யூ.ஆர்.எஸ்" என்று கேட்பதில் எந்த வெட்கமும் இல்லை. அப்படிக் கேட்பதற்கென்றே ஒரு குறியை வைத்திருக்கிறார்களே! கேட்காமல் நடுவில் புகுந்து தட்டுபவருக்குத்தான் கெட்ட பெயர். அவரை 'லிட்' என்பார்கள்.

பேரிடர் நேரத்தில் இந்தப் பழக்கம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அந்த நேரத்தில் ரேடியோவின் மறுமுனையில் ஹாம் மட்டும் இருக்க மாட்டார். பக்கத்தில் போலீஸ்காரர், டாக்டர், மகனைத் தேடும் ஒரு அப்பா இருப்பார்கள். அதனால் குரலில் பேசும்போது குறிகளை விட்டுவிட்டுச் சாதாரண மொழியில் பேசுங்கள் என்றுதான் ஹாம்களுக்குச் சொல்லித்தரப்படுகிறது. பெயர், ஊர், எண்ணிக்கை எதிலும் தவறு வராமல், ஒரு தடவைக்கு இரண்டு தடவை திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ள வேண்டும். சுருக்க வேண்டிய இடத்தில் சுருக்கத் தெரிவதும், விரிக்க வேண்டிய இடத்தில் விரிக்கத் தெரிவதும் ஒரே திறமையின் இரண்டு பக்கம்.

இன்னைக்கு இதெல்லாம் தேவையா?

கப்பல்களில் மோர்ஸின் காலம் 1999-ல் முடிந்தது. செயற்கைக்கோள் வழித் தொடர்பு வந்துவிட்டது. ஹாம் உரிமத்துக்கு மோர்ஸ் தெரிந்தே ஆக வேண்டும் என்ற சர்வதேசக் கட்டாயமும் 2003-ல் நீங்கியது. முடிவை அந்தந்த நாடுகளுக்கே விட்டுவிட்டார்கள். அமெரிக்கா 2007-ல் மோர்ஸ் தேர்வை முழுவதும் கைவிட்டது.

ஆனாலும் குறிகள் சாகவில்லை. சென்னையில் விமானம் இறங்கும்போது பைலட்டுக்குத் தரைக்கட்டுப்பாடு சொல்லும் தகவல்களில் ஒன்று 'க்யூ.என்.ஹெச்'. உயரமானியைச் சரிசெய்யத் தேவையான காற்றழுத்த அளவு அது. பழைய க்யூ கோட் குடும்பத்தின் இன்னொரு கிளை.

ஹாம்களிடம் இப்போது பிரபலமாக இருப்பது எஃப்.டி.8 என்ற டிஜிட்டல் முறை. 2017-ல் வந்தது. உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோ டெய்லர், 1993-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். காதுக்கே கேட்காத அளவு பலவீனமான சிக்னலையும் கம்ப்யூட்டர் பிடித்துவிடும். ஒவ்வொரு முறையும் 15 விநாடிக்குள் அனுப்ப வேண்டும். அதில் போகும் செய்திகள் என்ன தெரியுமா? முதலில் சி.க்யூ. பிறகு கால் சைன், இடம், சிக்னல் அளவு. கடைசியில் 73. தந்திக் கம்பியில் பிறந்த வாழ்த்தை இப்போது கம்ப்யூட்டர்கள் பரிமாறிக்கொள்கின்றன.

நீங்களும் கேட்கலாம்

இந்தியாவில் ஹாம் உரிமத்துக்கு 12 வயது நிறைந்தால் விண்ணப்பிக்கலாம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி பிரிவு தேர்வு நடத்துகிறது. ரேடியோவின் அடிப்படை, விதிமுறைகள், அதோடு இந்த க்யூ கோடுகளும் பாடத்தில் உண்டு. உரிமம் இல்லாமல் ஹாம் கருவியில் பேசுவது சட்டப்படி குற்றம் என்பதை மறக்க வேண்டாம்.

ஆனால், கேட்டுப் பார்க்க இன்றைக்கே ஒரு வழி இருக்கிறது. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இயங்கும் 'வெப் எஸ்.டி.ஆர்' தளத்தை உங்கள் போனில் திறந்தால், அங்கே வைத்திருக்கும் ரிசீவரை உங்கள் விரலால் திருப்பலாம். அலைவரிசையை 7,000 முதல் 7,040 கிலோஹெர்ட்ஸுக்குள் வைத்து, 'சி.டபிள்யூ' என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். ஐரோப்பாவில் மாலை நேரம், அதாவது நமக்கு இரவு 11 மணிக்கு மேல் என்றால் நல்லது.

முதலில் ஒரே இரைச்சலாக இருக்கும். அதுதான் க்யூ.ஆர்.என். கொஞ்சம் நகர்த்தினால் மணிச்சத்தம் போல மோர்ஸ் கேட்கும். எல்லாம் புரிய வேண்டாம். உரையாடல் முடியும் இடத்துக்காக மட்டும் காத்திருங்கள். இரண்டு கோடு, மூன்று புள்ளி. மூன்று புள்ளி, இரண்டு கோடு.

கேட்டுச்சா? நீங்க புரிஞ்சுகிட்ட முதல் மோர்ஸ் வார்த்தை அதுதான். 73.